அறிமுகம் இல்லாதவருக்கு மின்னஞ்சல்: ‘பொருள்’ வரியை எப்படி எழுத வேண்டும்?

புதுதில்லி: பாட்னாவில் முதுநிலை வேதியியல் பயிலும் ஒரு மாணவி, கொல்கத்தாவில் உள்ள ஓர் ஆய்வகத்தில் பயிற்சி பெற விரும்புகிறார். மொராதாபாதில் பித்தளைப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு சிறு பட்டறையின் உரிமையாளர், இடைத்தரகர் இன்றி வெளிநாட்டு வணிகரை நேரடியாக அணுக நினைக்கிறார். நாகபுரியில் பட்டம் முடித்த ஓர் இளைஞர், புணேயில் உள்ள மென்பொருள் நிறுவனத்தில் வேலை கேட்க எண்ணுகிறார். இம்மூவருக்கும் அங்கே யாரையும் தெரியாது. சிபாரிசு செய்யவும் ஆளில்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே.

இத்தகைய மின்னஞ்சலைப் பெறுபவர் முதலில் காண்பது இரண்டு செய்திகளைத்தான். ஒன்று, அனுப்பியவரின் பெயர். மற்றொன்று, ‘பொருள்’ என்ற ஒற்றை வரி. பெயர் அறிமுகமற்றது என்பதால், கடிதத்தைத் திறப்பதா, கடந்து செல்வதா என்பதை அந்த ஒரு வரியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. உள்ளே எவ்வளவு சிறப்பாக எழுதியிருந்தாலும், திறக்கப்படாத கடிதத்தால் பயனில்லை. அந்த வரியை எவ்வாறு அமைக்க வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்பன குறித்த தொகுப்பு இது.

பொருள் வரி: ஒரு சிறு வரலாறு

கணினி வலையமைப்பின் வழியாக முதல் மின்னஞ்சலை 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் அனுப்பினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ‘@’ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. கேட்காமலேயே பலருக்கும் அனுப்பப்பட்ட முதல் வணிக மின்னஞ்சல் என்று குறிப்பிடப்படுவது 1978 மே 3-ஆம் தேதி அனுப்பப்பட்டதாகும். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துயர்க், தங்கள் புதிய கணினியின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு விடுத்து, ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு அதனை அனுப்பினார். அறிமுகமற்றவரின் விற்பனைக் கடிதம் குறித்த எரிச்சலுக்கும் அதே வயதுதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கியது. மின்னஞ்சல் அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது, தாள் கடிதத்தின் பழக்கங்கள் பலவும் அப்படியே அதற்குள் குடியேறின.

மின்னஞ்சலின் அமைப்பை வரையறுக்கும் இணையத் தரநிலையான ஆர்எஃப்சி 5322, 2008-இல் வெளியானது. அதன்படி, அனுப்புநரும் தேதியும் கட்டாயம். பொருள் வரி கட்டாயமன்று. தலைப்புப் பகுதியின் ஒரு வரி 78 எழுத்துகளைத் தாண்டாதிருப்பது நல்லது. 998 எழுத்துகளை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது என்று அத்தரநிலை கூறுகிறது. ஆயினும் நடைமுறையில் எல்லையை வகுப்பது தரநிலை அன்று. படிப்பவரின் கைப்பேசித் திரைதான்.

அரசுக் கடித மரபு ஏன் இங்கு பொருந்தவில்லை?

தமிழில் விண்ணப்பம் எழுதிப் பழகியவர்களுக்கு ‘பொருள்’, ‘பார்வை’ ஆகிய இரு தலைப்புகளும் நன்கு அறிமுகமானவை. பள்ளிக் கல்வி – ஆசிரியர் – பணியிட மாறுதல் – தொடர்பாக என்று, பெரிய பொருளில் தொடங்கிச் சிறிய பொருளை நோக்கி அந்த வரி நகரும். நாடெங்கும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அலுவலகக் கடிதங்களிலும் இதே அமைப்பு உண்டு. ‘தொடர்பாக’ என்பதன் சுருக்கம் வரியின் முடிவில் தவறாமல் இடம்பெறும்.

இம்மரபுக்குத் தக்க காரணம் இருந்தது. கடிதம் எந்தத் துறைக்கு, எந்தப் பிரிவுக்கு, எந்தக் கோப்புக்குச் செல்ல வேண்டும் என்பதை அஞ்சல் பிரிவு எழுத்தர் வரிசையாகத் தெரிந்துகொள்ள அது உதவியது. கடிதத்தைப் படித்தே தீர வேண்டிய கடமையும் அலுவலகத்துக்கு இருந்தது.

அறிமுகமற்றவருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் இவ்விரண்டும் இல்லை. படிக்க வேண்டிய கட்டாயம் பெறுபவருக்குக் கிடையாது. மேலும், கைப்பேசியில் பொருள் வரியின் முதல் 30 முதல் 40 எழுத்துகளே பெரும்பாலும் தெரிகின்றன. எஞ்சியவை மூன்று புள்ளிகளாகச் சுருங்கி விடுகின்றன. ‘கல்வி – உள்ளகப் பயிற்சி – கோடைக்கால வாய்ப்பு வேண்டுதல் – தொடர்பாக’ என்று எழுதினால், கடிதத்தின் தனித்தன்மையைக் காட்டும் எதுவும் திரையில் வராது. எனவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். குறிப்பான செய்தி முதலிலும், பொதுவான செய்தி இறுதியிலும் அமைய வேண்டும். ‘தொடர்பாக’, ‘வேண்டுதல்’, ‘பணிவான விண்ணப்பம்’ போன்ற சொற்களைக் கடிதத்தின் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

நான்கு கேள்விகள்

உள்பெட்டியைப் பார்வையிடும் ஒருவர், அறிமுகமற்ற பெயரைக் கண்டதும் தம்மை அறியாமலே சில கேள்விகளை எழுப்புகிறார். நல்ல பொருள் வரி அவற்றில் இரண்டுக்கோ மூன்றுக்கோ விடையளித்து விடும்.

1. இது எனக்கு எழுதப்பட்டதா, ஊருக்கெல்லாம் அனுப்பப்பட்டதா? பெறுபவரின் பணி, ஆய்வு, பொருள், அண்மையில் அவர் வெளியிட்ட அறிவிப்பு ஆகியவற்றில் ஒன்றையேனும் குறிப்பிட்டால் இதற்கு விடை கிடைத்து விடும்.

2. இவர் யார்? பெயர் அனுப்புநர் பகுதியிலேயே தெரியும். பொருள் வரியில் வேண்டியது அவரது நிலை: மாணவி, உற்பத்தியாளர், மூன்று ஆண்டு அனுபவமுள்ள கணக்காளர் என்பன போல ஒரு சொல் அல்லது ஒரு தொடர்.

3. என்ன கேட்கிறார்? பயிற்சி, விலைப்புள்ளி அனுப்ப அனுமதி, பத்து நிமிட உரையாடல், ஒரு கேள்விக்கு விடை என ஏதேனும் ஒன்று. கோரிக்கை சிறிதாகவும் தெளிவாகவும் இருந்தால் பதில் அளிப்பது எளிது.

4. எப்போதைக்குள்? உண்மையான கால எல்லை இருந்தால் மட்டும் அதைக் குறிப்பிட வேண்டும்.

நான்கையும் ஒரே வரியில் திணிக்க முயன்றால் வரி நீண்டு விடும். எது பெறுபவருக்கு மிகவும் தேவையோ அதைத் தேர்ந்தெடுத்து முன்னே வைப்பதே இதிலுள்ள திறமை. ஆறு முதல் பத்துச் சொற்களுக்குள் முடிப்பது நல்லது. கீழே தமிழில் தரப்பட்டுள்ள மாதிரிகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினாலும் அமைப்பு இதுவேயாகும்.

மாணவர்கள் பேராசிரியருக்கு எழுதும்போது

கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில், ஐஐடிக்கள் உள்ளிட்ட ஆய்வு நிறுவனங்களின் பேராசிரியர்களுக்கு ஏராளமான பயிற்சிக் கோரிக்கைகள் செல்கின்றன. அவற்றில் பலவற்றின் பொருள் வரி ‘உள்ளகப் பயிற்சிக்கான விண்ணப்பம்’ என்றே இருக்கும். அவ்வரியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்திக் காண வழியும் இல்லை.

பாட்னா மாணவியின் நிலையை எடுத்துக்கொள்வோம். கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் சிக்கல். அவர் அணுக விரும்பும் பேராசிரியரும் அதே துறையில் ஆய்வு செய்பவர் என்று வைத்துக்கொண்டால், பொருள் வரி இவ்வாறு அமையலாம்:

‘நிலத்தடி நீரில் ஆர்சனிக்: கோடைப் பயிற்சி கோரும் எம்.எஸ்சி. மாணவி’

வரி முழுமையாகத் தெரியாவிட்டாலும், பேராசிரியரின் ஆய்வுப் பொருள் முதலில் கண்ணில் படும். அவரது ஆய்வுக் கட்டுரை ஒன்றை மாணவி உண்மையிலேயே படித்திருந்தால், இதைவிட நல்ல வரியும் அமையும்:

‘உங்கள் வடிகட்டி ஆய்வு: மாதிரி எடுக்கும் முறை பற்றி ஒரு கேள்வி’

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கட்டுரையைப் படிக்காமலே படித்தது போல் எழுதினால், கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே அது வெளிப்பட்டு விடும். பொருள் வரியில் கொடுத்த வாக்குறுதியைக் கடிதத்தின் முதல் பத்தி நிறைவேற்ற வேண்டும்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்புவதும், அனைவரின் முகவரியும் அனைவருக்கும் தெரியும்படி இடுவதும், ஒரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் மற்றொரு நிறுவனத்தின் பெயர் தங்கி விடுவதும் அடிக்கடி நிகழும் பிழைகள். ஐம்பதைவிட, படித்தறிந்து எழுதிய ஐந்து கடிதங்கள் மேலானவை.

முறையான விண்ணப்ப வழி இருக்குமிடத்தில் தனி மின்னஞ்சல் அதற்கு மாற்றாகாது. எடுத்துக்காட்டாக, பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமி, தில்லியின் இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாதெமி ஆகிய மூன்றும் இணைந்து கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. அத்தகைய திட்டங்களுக்கு அறிவிக்கப்பட்ட முறையிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

வேலை தேடுவோர்

விளம்பரம் செய்யப்பட்ட பணிக்கு விண்ணப்பிக்கும்போது பணியின் பெயர், அறிவிப்பு எண், விண்ணப்பதாரரின் பெயர் ஆகிய மூன்றும் போதும். பொருள் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நிறுவனமே கூறியிருந்தால், ஒரு குறியும் மாறாமல் அதைப் பின்பற்ற வேண்டும். பல நிறுவனங்கள் அந்த வரியைக் கொண்டுதான் கடிதங்களைப் பிரிக்கின்றன.

விளம்பரம் இல்லாத இடத்தில் வேலை கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘வேலை வேண்டி’, ‘எனது பயோடேட்டா’, ‘தங்கள் மேலான பார்வைக்கு’ போன்ற வரிகள் எழுதியவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இவற்றை ஒப்பிடலாம்:

‘பைத்தான், 2 ஆண்டு அனுபவம்: புணேயில் சேர உடனே தயார்’

‘ஜிஎஸ்டி கணக்குப் பணி, டேலி பயிற்சி – நாகபுரி பட்டதாரி’

முதலாமவருக்கு அனுபவம் உண்டு, இரண்டாமவருக்கு இல்லை. இருவரும் தங்களிடம் உள்ளதை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் கூறியுள்ளனர். வேலை வழங்குபவருக்குத் தேவையான ஆள் இவரா என்பது ஒரு நொடியில் தெரிந்து விடுகிறது. தேவையில்லாதவர் கடந்து செல்வார். தேவை உள்ளவர் நிச்சயம் நின்று பார்ப்பார்.

நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர் பெயரைச் சொல்லி அனுப்பச் சொன்னால், அப்பெயரைப் பொருள் வரியின் தொடக்கத்தில் குறிப்பிடலாம். அவருடைய அனுமதியின்றி அவ்வாறு செய்வது, அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் ஒருங்கே அவப்பெயரைத் தேடித் தரும்.

சிறுதொழில் முனைவோரும் ஏற்றுமதியாளரும்

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் ‘பித்தளை நகரம்’ என்று அழைக்கப்படுகிறது. ஹரியாணாவின் பானிபட் வீட்டு உபயோகத் துணிகளுக்கும், குஜராத்தின் மோர்பி பீங்கான் ஓடுகளுக்கும், பஞ்சாபின் லூதியானா பின்னலாடைகளுக்கும் பெயர் பெற்றவை. இத்தகைய தொழில் நகரங்களில் உள்ள சிறு உற்பத்தியாளர்கள் பலர், பெரிய ஏற்றுமதி நிறுவனங்களின் துணை ஒப்பந்ததாரர்களாகவே இருந்து வருகின்றனர். கொள்முதலாளரை நேரடியாக அடைய வேண்டுமெனில், பொருட்காட்சிக்கு அடுத்தபடியாக அவர்களுக்குக் கிடைக்கும் மலிவான வழி மின்னஞ்சல்தான்.

‘இந்தியாவின் தலைசிறந்த கைவினைப் பொருள் ஏற்றுமதியாளர்’, ‘வணிக ஒத்துழைப்புக்கான அரிய வாய்ப்பு’ என்ற வகையிலான வரிகளைக் கொள்முதல் அலுவலர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவர்களுக்கு வேண்டியவை வேறு: என்ன பொருள், எவ்வளவு தர முடியும், குறைந்தபட்ச ஆணை எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும்.

‘பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி: மாதம் 5,000, மொராதாபாத் பட்டறை’

என்ற வரி பெருமை ஏதும் பேசவில்லை. ஆயினும் கொள்முதலாளர் தம் தேவையுடன் ஒப்பிட்டுப் பார்க்க அதில் மூன்று செய்திகள் உள்ளன. சுங்கத்துறை வகைப்பாட்டு எண்ணைக் குறிப்பிடுவதும் பயனளிக்கும். அடிப்படை உலோகங்களாலான மணிகள், சிற்றுருவங்கள், அலங்காரப் பொருள்கள் ஆகியவை 8306 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. இந்த எண் உலகெங்கும் பொதுவானது. மொழி வேறுபட்டாலும் பொருள் விளங்கி விடும். ஆனால் எந்தப் பொருள் எந்த எண்ணின் கீழ் வரும் என்பதைச் சுங்க முகவரிடம் உறுதி செய்துகொண்ட பின்னரே எழுத வேண்டும்.

பொருட்காட்சியில் ஒருவரைச் சந்தித்திருந்தால், அதுவே சிறந்த தொடக்கம். காட்சியின் பெயர், அரங்கு எண், பேசிய பொருள் ஆகியவற்றைப் பொருள் வரியில் இட்டால், அறிமுகமற்ற கடிதம் அறிமுகமான கடிதமாகி விடும். சந்திக்காத ஒருவரிடம் சந்தித்ததாகக் கூறுவது, உறவு தொடங்கும் முன்பே அதை முறித்து விடும்.

தவிர்க்க வேண்டியவை

பொய்யான ‘ரீ’: பதில் கடிதங்களின் தொடக்கத்தில் வரும் ‘ரீ’ என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்தது, ‘இப்பொருள் குறித்து’ என்பது அதன் கருத்து. முன்பு கடிதப் போக்குவரத்து இருந்தது போன்ற தோற்றத்தை உருவாக்குவதற்காக முதல் கடிதத்திலேயே இதைச் சேர்ப்பது ஏமாற்று வேலையாகும். திறந்து பார்ப்பவர் அடுத்த நொடியில் உண்மையை அறிந்து கொள்வார். பின்னர் அந்த முகவரியிலிருந்து வரும் எதையும் நம்ப மாட்டார்.

போலி அவசரம்: ‘கடைசி வாய்ப்பு’, ‘இன்றே முடிகிறது’ என்பவை உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதப்பட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 வகையான உத்திகளைப் பட்டியலிட்டுள்ளன. பொய்யான அவசரத்தை உருவாக்குவதும் அவற்றில் ஒன்று.

வெற்றுப் புதிர்: ‘ஒரு சிறிய கேள்வி’, ‘இதைப் பார்த்தீர்களா?’ என்பன நண்பர்களிடையே பொருந்தும். அறிமுகமற்றவரிடமிருந்து வரும்போது மோசடிக் கடிதமோ என்ற ஐயத்தையே எழுப்பும்.

அலங்காரம்: ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்துகள், தொடர் வியப்புக்குறிகள், ரூபாய்க் குறிகள், படக்குறிகள் ஆகியவை விளம்பரத் தோற்றத்தைத் தருகின்றன. வெற்றுப் பொருள் வரியும் அதே அளவு கேடானது.

பெயரில் பிழை: மென்பொருள் கொண்டு பலருக்கும் அனுப்பும்போது பெயர் விடுபட்டு, வெற்று அடைப்புக்குறி மட்டும் போய்ச் சேருவதுண்டு. பெயரைத் தவறாக எழுதுவதைவிட எழுதாமலே இருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

தேவையற்ற மின்னஞ்சலுக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டு வந்த வணிகத் தகவல்தொடர்பு விதிமுறைகள், தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் உரியவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில், தொல்லை தரும் நோக்கிலோ அனுப்பியவர் யார் என்பதை மறைக்கும் நோக்கிலோ அனுப்பப்படும் மின்னஞ்சல் பற்றிய பகுதியும் இருந்தது. கருத்துரிமைக்கு முரணானது எனக் கூறி, அப்பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்தது. எனினும், கணினி வழியாக மற்றொருவர் போல் நடித்து ஏமாற்றுவது 66-டி பிரிவின்படி குற்றமாகும். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கு கவனிக்கத்தக்கது. ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட தரவுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் சந்தையில் விலைக்கு விற்கப்படும் முகவரிப் பட்டியல்களின் நிலை அதுவன்று. அவற்றில் உள்ளவர்கள் ஒப்புதல் அளித்தார்களா என்பது பெரும்பாலும் தெரியாது. இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

வெளிநாட்டுக்கு வணிக மின்னஞ்சல் அனுப்புவோர் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு ‘கேன்-ஸ்பேம்’ சட்டம் முன் ஒப்புதல் கோருவதில்லை. ஆனால் ஏமாற்றும் பொருள் வரியை அது தடை செய்கிறது. அனுப்புநரின் அஞ்சல் முகவரி இடம்பெற வேண்டும். ‘இனி அனுப்பாதீர்’ என்று ஒருவர் கேட்டால் 10 வேலை நாள்களுக்குள் நிறுத்த வேண்டும். நிறுவனங்களுக்கு இடையிலான கடிதங்களுக்கும் இது பொருந்தும். கனடாவில் 2014 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டம் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. ஜெர்மனியில், நிறுவனங்களுக்கு அனுப்பும் விளம்பர மின்னஞ்சலுக்கும் பொதுவாக முன் ஒப்புதல் தேவை.

ஸ்பேம் பெட்டியைத் தவிர்ப்பது எப்படி?

சில சொற்களைத் தவிர்த்தாலே ஸ்பேம் பெட்டியிலிருந்து தப்பலாம் என்ற கருத்து பரவலாக உள்ளது. இன்றைய வடிகட்டிகள் சொற்களைவிட, அனுப்புபவரின் நம்பகத்தன்மைக்கே கூடுதல் மதிப்பளிக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் சேவைக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையைக் கொண்டிருக்க வேண்டும் என கூகுள் வலியுறுத்துகிறது. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் தேவை. அவற்றுடன் டிமார்க் என்ற முறையும், விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம்.

ஸ்பேம் எனப் புகார் அளிக்கப்படும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது மற்றொரு விதி. அதாவது, 1,000 கடிதங்களுக்கு மூன்று புகார்கள் வந்தாலே எல்லை தொட்டு விடுகிறது. நிறுவனத்தின் முகவரி ஒருமுறை நம்பகத்தன்மையை இழந்தால், வழக்கமான வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியல்கூட ஸ்பேம் பெட்டிக்குள் சென்று சேரலாம். ஏமாற்றும் பொருள் வரியின் உண்மையான விலை இதுதான்.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். மின்னஞ்சல் அமைப்பு ஆங்கில எழுத்துகளுக்காகவே முதலில் வடிவமைக்கப்பட்டது என்றாலும், பிற மொழி எழுத்துகளைப் பொருள் வரியில் இடுவதற்கான முறை 1996-லேயே ஆர்எஃப்சி 2047 தரநிலையில் வரையறுக்கப்பட்டு விட்டது. ‘தமிழ்’ என்ற சொல்லை ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க 15 பைட்டுகள் தேவை. இந்த மாற்றங்களை எல்லாம் செயலிகள் தாமாகவே செய்து விடுவதால் பயனர் கவலைப்பட வேண்டியதில்லை.

எந்த மொழி என்பதைப் பெறுபவரின் அலுவல் மொழியே முடிவு செய்ய வேண்டும். சென்னையில் உள்ள பதிப்பகத்துக்குத் தமிழ் வரி நெருக்கத்தைத் தரும். புணே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு அது விளங்காது. பொருள் வரி ஒரு மொழியிலும் கடிதம் வேறு மொழியிலும் இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால்

பதில் வராததற்கு மறுப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை; வேலைச்சுமை, விடுமுறை, மறதி ஆகியவையும் காரணமாகலாம். ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புவது முறையானதே. முதலில் அனுப்பிய கடிதத்துக்கே பதிலாக அதை எழுதினால், பழைய கடிதமும் உடன் செல்லும். இங்கு வரும் ‘ரீ’ உண்மையானது. ‘என் கடிதம் கிடைத்ததா?’ என்று மட்டும் கேட்காமல், தேர்வு முடிவு, புதிய விலை, மாதிரிப் படம் எனப் புதிய செய்தி ஒன்றைச் சேர்ப்பது நல்லது. இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையெனில் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடிதம் திறக்கப்பட்டதா என்று காட்டும் கருவிகளை முழுமையாக நம்ப வேண்டியதில்லை. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய தனியுரிமை வசதி, பெறுபவர் திறக்காத கடிதத்தையும் திறந்ததாகக் காட்டக்கூடும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதே சரியான அளவுகோல்.

பெறுபவராக இருக்கும்போது

பொருள் வரியின் ஆற்றலை மோசடிக்காரர்களும் அறிவர். ‘வருமான வரித் தொகை திரும்பத் தரப்படுகிறது’, ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்’, ‘பணி நியமன ஆணை’ போன்ற வரிகள் ஆசையையோ அச்சத்தையோ தூண்டி அவசரப்படுத்துகின்றன. கடவுச்சொல், ரகசியக் குறியீட்டு எண், வங்கி அட்டை விவரங்கள் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்பதில்லை என வருமான வரித்துறை தெளிவுபடுத்தியுள்ளது. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் கடிதங்களையும் நம்பக் கூடாது. பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனடியாக அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் அளிக்கலாம்.

அனுப்பும் முன் சரிபார்க்க

* முதல் ஐந்து சொற்களைப் படித்தாலே கடிதம் எதைப் பற்றியது என்று விளங்குகிறதா?
* இதே வரியை வேறு யாருக்கும் மாற்றமின்றி அனுப்ப முடியுமா? முடியும் எனில், அது இன்னும் பொதுவாகவே உள்ளது.
* வரியில் கூறியது கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கிறதா?
* பெயர், பதவி, நிறுவனத்தின் பெயர் ஆகியவை பிழையின்றி உள்ளனவா?
* அனுப்புநர் பெயராக உங்கள் உண்மைப் பெயர் தோன்றுகிறதா? விளையாட்டாக உருவாக்கிய பழைய முகவரியா?
* கடிதத்தை முதலில் உங்களுக்கே அனுப்பிக் கைப்பேசியில் பார்த்தீர்களா?

கடிதத்தை எழுதி முடித்த பின்னரே பொருள் வரியை எழுதுவது எளிது. எதைக் கேட்கிறோம் என்பது அப்போதுதான் எழுதியவருக்கே தெளிவாகியிருக்கும். பதிலை எந்தப் பொருள் வரியாலும் உறுதி செய்ய இயலாது. சிபாரிசுக்கு ஆளில்லாத மாணவியும் சிறு பட்டறை உரிமையாளரும் தங்கள் தகுதியின் அடிப்படையில் ஒருமுறையேனும் படிக்கப்படுவதற்கு வழி செய்வதே அதன் பணி.